உம் கொட்டத் தெரிந்த உப்பன்

ஆழ்துறையில் பொழுது விடிவது என்றால் கூரை விளக்குகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறும். மாறிய கையோடு ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைச் சுவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும். சுவருக்கு ஏது தொண்டை? திடுதிப்பென்று பேச ஆரம்பித்தால் ஆட்கள் கையிலிருக்கும் காபியைக் கொட்டிவிடுகிறார்கள் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. செருமி முடித்ததும், அந்த வீட்டுப் பிள்ளை முந்தின நாள் பேசிய பேச்சின் யோக்கியதையை அது வாசித்துக் காட்டும்.

"ஜசிந்தா மோத்தா," என்றது சுவர். "நேற்றைய பேச்சு, மிகக் குறைவு. கேள்வி கேட்டது, இல்லை. காரணம் சொன்னது, இல்லை. கதை, கிண்டல், வியப்பு, எதுவும் இல்லை. 'ம்' என்றது, ஏராளம். மொத்தத்தில், கவலைக்கிடம்."

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த கஸ்பார் மோத்தாவின் கை அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுச் சுவர் சொல்வதும் காதில் விழுந்தது. அங்கே ஆறு வயதுப் பையன் நேற்று நிபந்தனை வாக்கியங்களில் வெளுத்துக் கட்டியிருக்கிறான். அவனுடைய அம்மா வேண்டுமென்றேதான் சுவரின் ஒலியைக் கூட்டி வைக்கிறாள் என்பது கஸ்பாரின் நெடுநாள் சந்தேகம்.

மன்னார் வளைகுடாவின் அடியில், கவிழ்த்த கிண்ணம் போன்ற கண்ணாடிக் கவிகைகளுக்குள், இரண்டு தலைமுறையாக இருக்கும் ஊர் ஆழ்துறை. மேல்கரையில் ஒரு காலத்தில் மதிப்பெண்ணுக்கு இருந்த இடம் இங்கே பேச்சுக்கு. அதற்கும் காரணம் உண்டு. ஊர் உண்டான புதிதில், ஒரு பையன் கவிகையில் விரிசலைப் பார்த்தும் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டானாம். ஒரு தெருவே முழங்கால் தண்ணீரில் நின்றது. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவன் சொன்னான், யாரும் காதில் வாங்கவில்லை என்று இன்னொரு தரப்பும் உண்டு. அது பாடப்புத்தகத்தில் இல்லை.

அன்றிலிருந்து ஞானஸ்நானம் முடிந்த மறுநாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால் கடுகளவு செவிமணி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். பிள்ளை யாரோடு என்ன பேசினாலும் செவிமணி அதைச் சிறார் மொழி ஆய்வகத்துக்கு அனுப்பும். அங்கே இப்போது மொழிமானி என்ற பெரிய பொறி அதை அளந்து, வீட்டுச் சுவருக்குச் சொல்லி அனுப்பும். மொழிமானியை ஆக்கியவர் கஸ்பார். ஆய்வகத்தின் இயக்குநரும் அவரே. ஊருக்கெல்லாம் பேச்சு அளக்கிறவருடைய வீட்டில்தான் பிள்ளை வாய் திறக்கவில்லை.

"ஜசிந்தா," என்று மேசைக்கு அருகே உருண்டு வந்தது வளர்மொழியன். வீட்டுக்கொன்றாக ஆய்வகம் கொடுத்திருக்கும் எந்திரன். பிள்ளைகளின் பேச்சை வளர்ப்பது அதன் வேலை. ஐந்து வயதில் ஜசிந்தா அதற்கு ஓட்டைவாயன் என்று பெயர் வைத்திருந்தாள். "இட்லி வெள்ளையாக இருக்கிறது. வேறு என்னென்ன வெள்ளையாக இருக்கும் என்று நினைக்கிறாய்?"

"ம்," என்றாள் ஜசிந்தா.

"அருமையான முயற்சி. அந்த 'ம்'மை ஒரு முழு வாக்கியமாக நீட்டிப் பார்ப்போமா?"

"அந்தச் சனியன மொதல்ல அணைங்க," என்றாள் கிளமென்சி. அவள் கடலடித் திடல்களான முத்துப் பார்களில் சிப்பி வளர்ப்பவள். மீன்களோடும் சிப்பிகளோடும் பொழுதைக் கழிப்பதால் சத்தம் ஆகாது. "பிள்ளை நிம்மதியாத் திங்கட்டும்."

"அணைச்சா எப்படி? இப்பவே இவ்வளவுதான் பேசுதா. அதுவும் இல்லன்னா ஊமையாயிருவா," என்றார் கஸ்பார். பிறகு பிள்ளைகளின் பேச்சில் காலைச் சாப்பாட்டின் பங்கு என்ன என்பது பற்றி விளக்க ஆரம்பித்தார். ஆவியில் வெந்த பண்டத்தைப் பற்றிப் பேசுவதற்கும் எண்ணெய்ப் பண்டத்தைப் பற்றிப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆய்வகம் கண்டுபிடித்திருந்தது. அது முடிந்ததும் ஆட்சிக் குழுத் தலைவர் ரெயமண்டு தனக்குச் செய்யும் இடைஞ்சல்களுக்கு வந்தார். பேசி முடித்துத் தட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. சாப்பிட்டாயிற்று போலிருக்கிறது என்று எழுந்து கை கழுவினார்.

பள்ளிவரை மகளோடு நடந்தே போவது அவர் வழக்கம். வழியெல்லாம் ரெயமண்டின் பேச்சுதான். ஆய்வகத்துக்கு வந்த புது உணர்விக் கருவிகளை அந்த மனிதர் எப்படித் தன் மருமகனின் பிரிவுக்குத் திருப்பிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜசிந்தா கூடவே நடந்தாள். அவர் நிறுத்திய இடத்தில் ஒரு 'ம்', மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு 'ம்'. பள்ளி வாசலில் அவள் கையசைத்துவிட்டு உள்ளே போனதும் அவர் மனதுக்குள் நாள் கணக்குப் போட்டார். மாதா கோயில் கொடியேற்றம் முடிந்ததும் அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது. அன்று மொழிமானி முன்னால் அவள் பேச்சுத் தேர்வுக்கு உட்கார வேண்டும். அதில் குறை கண்டால் மேல்கரைப் பேச்சுப் பள்ளியில் ஒரு வருஷம் தங்கியாக வேண்டும். வீட்டாருக்குப் பார்வை நேரம்கூடக் கிடையாது. வயது, உறவு, பதவி எதுவும் பாராமல், குறை எவரிடம் காணப்படுகிறதோ அவரை அனுப்பிவிட வேண்டும் என்று விதியை எழுதியவர் கஸ்பாரேதான். எழுதும்போது அந்த வாக்கியத்தின் நேர்மை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

*

ஆய்வகத்தில் இவாஞ்சலின் காத்துக்கொண்டிருந்தாள். இளம் ஆய்வாளர். பேச்சுக் குப்பையைக் கூட்டும் வேலை அந்த மாதம் அவள் முறை.

பேச்சுக் குப்பை என்றால் இதுதான். முன்பெல்லாம் பிள்ளைகள் நாய்க்குட்டியோடும், பொம்மையோடும், தண்ணீர்க் குழாயோடும் பேசியதைக்கூட மொழிமானி கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு பெண், மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்து பேசியே ஊரில் முதலிடம் பிடித்தாள். மீன் பதில் சொல்லுமா என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். கஸ்பார் அதற்கு ஒரு சல்லடை செய்தார். எதிரிலிருப்பவர் சொல்லும் பதிலில் ஒரு சொல்லாவது இருந்தால் அது உரையாடல். இல்லாவிட்டால் அது குப்பை. சொற்பட்டியலில் இல்லாதவை எல்லாம் சத்தம்தான் என்பது அவர் கட்சி.

"சார், ஊர்ல பெரிய பிள்ளைங்க எல்லாம் பேச்சக் கொறச்சுக்கிட்டே வாராங்கன்னு கவலப்பட்டீங்கள்ல," என்றாள் இவாஞ்சலின். "கொறையல சார். குப்பைக்குப் போயிருக்கு. சாயங்காலமானா வடக்குக் கவிகையில, உப்பு நீக்குற நிலையத்துல, கொட்டு கொட்டுன்னு கொட்டுது."

"யாருகிட்டப் பேசுதாங்க?"

"அதான் தெரியல. அந்தப் பக்கத்துலேர்ந்து வெறும் 'ம்' மட்டும் வருது. அதனாலதான் சல்லடையில விழுந்திருக்கு. பேரெல்லாம் நீக்கியாச்சு. ஒண்ணே ஒண்ணு வாசிக்கேன், கேளுங்க."

அவள் வாசித்தாள்.

"'எங்கப்பா இட்லி சாப்பிட மாட்டாரு, உப்பா. இட்லியப் பத்திப் பேசுவாரு. அவரு பேசப் பேச, எங்கம்மா அவரு தட்டுலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்து என் தட்டுல வச்சிருவா. பேசி முடிச்சிட்டுக் காலித் தட்டப் பாப்பாரு. சாப்பிட்டாச்சு போலன்னு எந்திரிச்சுப் போயிருவாரு.' அங்க ஒரு 'ம்' சார். 'ஒரு நாளு பசியில மயங்கி விழப்போறாரு பாரு. அப்பவும் விழுறதப் பத்தி நாலு வார்த்தை பேசிட்டுத்தான் விழுவாரு.'"

கஸ்பார் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னா பிள்ளம்மா இது. கிண்டல் இருக்கு, வருங்காலம் இருக்கு, காரணம் இருக்கு. எந்தப் புண்ணியவான் பெத்ததோ. இது எங்க வீட்டுல இருந்தா நான் ஏன் இப்படிக் கெடந்து தவிக்கேன்?"

சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார். காலையிலிருந்தே ஏனோ பசித்துக்கொண்டிருந்தது.

தடவிய கை மெதுவாக நின்றது. இவாஞ்சலின் காகிதத்தைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

*

வடக்குக் கவிகைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது சாயங்கால மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உப்பு நீக்கும் நிலையத்தின் பின்பக்கம், பெரிய குழாய்களுக்கு நடுவே, பழைய காலத்து எந்திரன் ஒன்று உட்கார்ந்திருந்தது. வடிகட்டிகளில் படியும் உப்பைச் சுரண்டுவதற்காக முதல் தலைமுறையில் கொண்டுவந்தது. உடம்பெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது; பிள்ளைகள் அதை உப்பன் என்றார்கள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் குழாய்களில் சாய்ந்தும் தரையில் கிடந்தும் இருந்தார்கள். முறை வைத்துப் பேசுகிறார்கள் போலும். இப்போது ஜசிந்தாவின் முறை.

அவள் எழுந்து நின்று கையைக் காலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு சிப்பித் திடலுக்குப் போனபோது பார்த்த ஒரு பேய்க்கணவாயைப் பற்றிய கதை. அது அம்மாவின் கையுறையைத் திருடிக்கொண்டு போய், ஒரு காலில் மாட்டிப் பார்த்து, சரியில்லை என்று அடுத்த காலில் மாட்டிப் பார்த்து, இப்படியே எட்டுக் காலிலும் முயன்று, கடைசியில் கோபித்துக்கொண்டு தலையில் கவிழ்த்துக்கொண்டதாம். அந்தக் கணவாயாகவே அவள் நடித்துக் காட்டினாள். உப்பு பூத்த தலையை அவள் பக்கம் திருப்பி, அந்த எந்திரன் சரியான இடத்தில் 'ம்' என்றது. அவசரப்படவில்லை, பிந்தவும் இல்லை.

கஸ்பார் குழாய்க்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் மொழிமானி செய்து முடித்த அன்றுகூட அனுபவித்ததில்லை. எத்தனை வருஷமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. மகளை அப்படியே தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதையாவது செய்திருக்கலாம்.

"அருமை," என்றபடி அவர் வெளியே வந்தார். "அருமையாச் சொல்லுத மக்கா. ஆனா பேய்க்கணவாய்னு சொல்லக் கூடாது, எண்காலின்னு சொல்லணும். கையுறைய மாட்டினது எத்தனாவது காலு? அதுக்கு அப்ப எப்படி இருந்திருக்கும்னு நீ நெனைக்க? இன்னொரு தடவ சொல்லு பாப்போம், இப்ப கொஞ்சம் நிதானமா."

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பையை மாட்டிக்கொண்டார்கள். ஜசிந்தா வாயை மூடி, தன் செருப்பைப் பார்த்தாள்.

"ம்," என்றாள்.

*

மறுநாள் கஸ்பார் அந்த எந்திரனைப் பழுது பார்க்க ஆள் அனுப்பினார். ஒரே ஒரு சத்தம்தானே வருகிறது, பாவம், நல்ல குரலாக ஒன்று பொருத்திவிட்டால் பிள்ளைகளோடு ஒழுங்காகப் பேசுமே என்பது அவர் எண்ணம். நல்ல வேளையாக இவாஞ்சலினும் கூடப் போயிருந்தாள். பழுது பார்ப்பவர் முதுகுப் பலகையைக் கழற்றியதும் அவள் அவரை நிறுத்திவிட்டு ஆய்வகத்துக்கு ஓடி வந்தாள்.

"அதுக்கு ஒரு கோளாறும் இல்ல சார். அது வேலையச் செஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

"என்ன வேலை?"

"தண்ணி நிலையத்து எந்திரன்களுக்கு ஒரே ஒரு விதிதான். சொல்லுறத முழுசாக் கேக்கணும். பாதியில கிளம்பிப் போயி வால்வத் தொறந்தா ஊரு முங்கிரும்ல. அதனால, சொல்லுறவங்க முடிக்குற வரைக்கும் 'ம்' சொல்லும். இதுவரைக்கும் விளங்குச்சு, மேல சொல்லுங்கன்னு அர்த்தம். முடிச்சாங்கன்னா போயிச் செய்யும், செஞ்சிட்டு மணி அடிக்கும்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்தப் பிள்ளைங்க சொல்லுறதெல்லாம் ஏதோ பெரிய வேலைக்கான ஆணைன்னு அது நெனைச்சுக்கிட்டு இருக்கு சார். ஒரு வார்த்தை விடாம வச்சிருக்கு. என்னத்தச் செய்யணும்னு இன்னும் அதுக்குத் தெரியல. முழுசாக் கேட்டாத் தெரிஞ்சிரும்னு காத்துக்கிட்டு இருக்கு."

கஸ்பார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை இவாஞ்சலின் அன்றுதான் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவர் பழைய கஸ்பார் ஆகிவிட்டார். சல்லடையைத் தூக்கி எறியச் சொன்னார். கேட்பான் என்று புதிய எந்திரன் ஒன்றைத் திட்டம் போட்டுக்கொண்டு ஆட்சிக் குழுவுக்குப் போனார். அது பேசாது, கேட்க மட்டும் செய்யும். குழுவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிள்ளை தப்பாகச் சொன்னால் மட்டும் லேசாகத் திருத்தட்டுமே என்றார் ரெயமண்டு. சரியாகச் சொன்னால் பாராட்ட வேண்டாமா என்றார் இன்னொருவர். இடையிடையே வீட்டுப்பாடத்தை ஞாபகப்படுத்தினால் உபயோகமாக இருக்கும் என்றார் பெற்றோர் பிரதிநிதி. கூட்டம் முடிந்தபோது கேட்பான் என்பது நீல வண்ணம் பூசிய வளர்மொழியனாக இருந்தது. ஒருமனதாக அங்கீகரித்தார்கள்.

"எந்திரத்த விடுங்க சார்," என்றாள் இவாஞ்சலின். "தேர்வுல ஜசிந்தாகூட எதிர உக்காரப் போறது நீங்கதான். பெத்தவங்கள்ல அதிகம் பேசுறவர் உக்காரணும்னு விதி. நீங்க எழுதினதுதான். பேசாம உம் கொட்டுங்க, போதும்."

"அது என்ன பிரமாதம்," என்றார் கஸ்பார்.

அன்று மாலையே கிளமென்சியை உட்கார வைத்துப் பழகிப் பார்த்தார். அவள், சிப்பிக்கூண்டில் ஒரு நண்டு தன் விரலைக் கவ்விய கதையை ஆரம்பித்தாள்.

"எந்தக் கை?" என்றார் கஸ்பார்.

"இதுக்குத்தான் நான் சிப்பிகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்," என்று கிளமென்சி எழுந்து போய்விட்டாள்.

*

கொடியேற்றம் முடிந்தது. தேர்வுக்கு முந்தின நாள் மாலை, பள்ளியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்தார் கஸ்பார். மனம் முழுக்கப் பயம். பயம் வந்தால் மனிதருக்கு வாய் நிற்காது. கேட்பானுக்கு நேர்ந்த கதியைச் சொன்னார். ரெயமண்டு எப்படிச் சிரித்துக்கொண்டே கழுத்தறுத்தார் என்று சொன்னார். கவிகைக்கு வெளியே சீலா மீன் கூட்டம் ஒன்று கூடவே நீந்தி வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"ம்," என்றாள் ஜசிந்தா.

அவருக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. நடுப்பாதையில் நின்றார்.

"எதுக்கெடுத்தாலும் ம், ம், ம். ஒரு வார்த்தை பேசுனா வாய் தேஞ்சா போயிரும்? நாளைக்கு உன்ன மேல கொண்டுபோயிருவாங்கடி. ஒரு வருஷம். உங்கம்மாவும் நானும் என்ன செய்வோம்னு நெனைச்சுப் பாத்தியா? ஏன் என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்க?"

ஜசிந்தா அவரை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"நீங்க இன்னும் முடிக்கலியேப்பா," என்றாள்.

"என்னது?"

"ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து சொல்லிக்கிட்டு வாரீங்க. இன்னும் முடியல. நடுவுல பேசக் கூடாதுல்ல. உப்பன் பேச மாட்டான்." அவள் நடக்க ஆரம்பித்தாள். "ரெயமண்டு அங்கிள் உணர்வி எல்லாத்தையும் மருமகனுக்குக் குடுத்தது, அதுக்கு மொத நாள் உங்கள டீ குடிக்கக் கூப்பிட்டு இனிக்க இனிக்கப் பேசினது, மொழிமானி மொத தடவ ஓடினப்ப நீங்க தனியா பாத்ரூம்ல போயி அழுதது, எல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது அது."

கஸ்பாருக்கு அதை அவளிடம் சொன்ன ஞாபகமே இல்லை. எப்போதோ ஒரு நாள் பள்ளிக்குப் போகும் வழியில் வாய்தவறி வந்திருக்கும். வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஊரிலேயே அவர் பேச்சை முழுக்கக் கேட்ட ஒரே ஆள் இவள்தான். அந்த ஆளைத்தான் தினமும் காலையில் சுவர் கவலைக்கிடம் என்று வாசித்திருக்கிறது. அவர் அதைக் கேட்டு மருத்துவம் தேடியிருக்கிறார்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். நிறையச் சொல்ல இருந்தது.

"முடிச்சிட்டேன் மக்கா," என்றார்.

வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சீலா மீன்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

*

மொழிமானி அறையில் இரண்டு நாற்காலிகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளமென்சியும் இவாஞ்சலினும் நின்றார்கள். பொறி ஒருமுறை செருமிக்கொண்டது.

"உரையாடலாம்," என்றது.

ஜசிந்தா பேசவில்லை. கஸ்பாரின் நாக்கில் வரிசையாகக் கேள்விகள் வந்து நின்றன. நேற்றுப் பள்ளியில் என்ன நடந்தது, மதியம் என்ன சாப்பிட்டாய், உனக்குப் பிடித்த நிறம் எது. எல்லாமே அவர் வளர்மொழியனுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருப்பது உடம்பு வேலை என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. கழுத்து வியர்த்தது.

ஜசிந்தா அவரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். நிஜமாகத்தான் முடித்துவிட்டார் போலிருக்கிறது.

"அந்தப் பேய்க்கணவாய் இருக்குல்லாப்பா," என்று தொடங்கினாள்.

எண்காலி என்ற சொல் கஸ்பாரின் தொண்டை வரை வந்தது. விழுங்கினார்.

"ம்."

"கையுறைய அது திருடலப்பா. அம்மாதான் மறந்து வச்சிட்டு வந்துட்டா. மறுநாள் நான் போயிப் பாத்தேன். அது கையுறைக்குள்ள முட்ட போட்டு வச்சிருந்துச்சு. அஞ்சு வெரல்லயும் அஞ்சு கொத்து."

எந்த இனம், எத்தனை முட்டை, தனியாக ஏன் போனாய். "ம்."

"நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா ஆய்வகத்துலேர்ந்து எடுக்க வந்திருவாங்க."

அது உண்மைதான். அவரே ஆள் அனுப்பியிருப்பார். "ம்," என்றார். இந்த முறை அது கஷ்டப்படாமல் வந்தது.

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. கணவாயிலிருந்து பள்ளிக்குப் போனாள், பள்ளியிலிருந்து தன் சிநேகிதி அழுத விஷயத்துக்கு, அதிலிருந்து மறுபடி கணவாய்க்கு. டீச்சர் மாதிரி பேசிக் காட்டினாள். ஓட்டைவாயன் மாதிரி பேசிக் காட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் கிளமென்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கஸ்பாருக்கு மதிப்பெண் மறந்தது, தேர்வு மறந்தது. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வயிறு நிறைந்தது போலிருந்தது.

மொழிமானி செருமியது.

"தேர்வு முடிந்தது. ஜசிந்தா மோத்தா. கேள்வி, காரணம், கதை, கிண்டல், எல்லாம் உண்டு. குறை எதுவும் இல்லை. மிக நன்று."

இவாஞ்சலின் கையைத் தட்டினாள். கிளமென்சி சிலுவை போட்டுக்கொண்டாள். பொறி நிறுத்தவில்லை.

"எதிரே இருந்தவர், கஸ்பார் மோத்தா. கேள்வி கேட்டது, இல்லை. காரணம் சொன்னது, இல்லை. வியப்பு, இல்லை. முழு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. 'ம்' என்றது, ஏராளம். மொத்தத்தில், கவலைக்கிடம். வயது, உறவு, பதவி எதுவும் பாராமல், குறை எவரிடம் காணப்படுகிறதோ அவரை மேல்கரைப் பேச்சுப் பள்ளிக்கு ஒரு வருஷம் அனுப்பப் பரிந்துரைக்கிறேன். மறுப்பு இருந்தால் இப்போதே, இந்த நாற்காலியிலேயே, மூன்று முழு வாக்கியங்களில் தெரிவிக்கலாம். பிறகு ஏற்பதற்கில்லை."

விதியும் அவருடையது, அளவுகோலும் அவருடையது. கேட்பதை அளக்க ஒரு முள்ளை வைக்க வேண்டும் என்று அந்தப் பொறியைச் செய்தபோது அவருக்குத் தோன்றவே இல்லை. இவாஞ்சலின் கண்ணாடியைத் தட்டி, பேசுங்கள், பேசுங்கள் என்று சைகை காட்டினாள். மூன்று வாக்கியம் கஸ்பாருக்கு ஒரு விஷயமா? முந்நூறு வாக்கியம் நாக்கின் நுனியில் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

ஜசிந்தா நாற்காலியை அவருக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பொறி சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை. அவள் கதை இன்னும் முடியவில்லை.

"அப்புறம் அந்தக் குஞ்சுங்க எல்லாம் கையுறையவிட்டு வெளிய வந்துச்சா, என்னாச்சு தெரியுமாப்பா?"

"ம்," என்றார் கஸ்பார்.